சடை நிழல்

சும்மா நடிக்காதீங்கடா. எக்ஸ்ரே கவர கையில வாங்குன ஒடனே, வாசப்படி கூட தாண்டாம, படத்த உருவி டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சு, ஒரு கண்ண சுருக்கி, 'ம்ம்'முன்னு ஒரு சத்தம் குடுத்தவங்கதான நீங்க எல்லாரும். என்ன தெரிஞ்சுச்சு அதுல? ஏய் ஜெகதீசா, நீ சிரிக்காத. உங்கப்பா முட்டி படத்த பஸ் ஜன்னல்ல ஒட்டி வச்சு, பெரம்பலூர் வரைக்கும் கண்டக்டருக்கு வெளக்கம் குடுத்தவன் நீ. படத்த தலகீழா புடிச்சிருக்கன்னு கடைசியில அந்த கண்டக்டர்தான் சொன்னாரு. சரி, அத வுடுங்க. நீங்க தூக்கிப் பாக்குறதுக்கு முன்னாடி அந்தப் படத்த யாரு பாத்தான்னு எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா? கவர் மேல டாக்டர் பேரு இருக்கும், ரிப்போர்ட்டுக்கு அடியில கோழி கிளறுன மாதிரி ஒரு கையெழுத்து இருக்கும், 'ஒண்ணுமில்ல'ன்னு போட்டிருந்தா நேரா பரோட்டா கடைக்குப் போயிருவீங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னது யாருன்னு கேக்க மாட்டீங்க. நல்லவேளை கேக்கல. கேட்டிருந்தா பரோட்டா எறங்கியிருக்காது.

கலைக்கோவன் யாருன்னா, துறையூர்ல ஒரு சின்ன ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுக்குறவன். அந்தப் படிப்புல ரெண்டாவது வருசத்தோட வெளிய வந்தவன். பிசிக்ஸ் பேப்பர் என்னய பிடிச்சு வச்சுருந்துச்சு, நான்தான் கைய ஒதறிட்டு வந்தேன்னு அவனே சொல்லிக்குவான். சென்டர் சுவத்துல மாட்டியிருக்குற சர்ட்டிபிகேட் வேற யாரோ ஒரு மனுசனோடது. அந்த ஆள இவன் பாத்ததே இல்ல, ஆனா காலையில வந்தா அந்தக் கண்ணாடிய தொடைக்கிறது இவன்தான். படத்துக்கு ரிப்போர்ட் எழுத வேண்டிய டாக்டர் புருஷோத்தமன் திருச்சியில இருக்காரு. கலை படத்த போன்ல அனுப்புவான், கூடவே ரிப்போர்ட்டையும் அவனே அடிச்சு அனுப்புவான், அங்கேருந்து ஒரு கட்டைவெரல் பொம்மை வரும். அவ்ளோதான், கையெழுத்து முன்னாடியே கம்ப்யூட்டர்ல இருக்கு. வாய் மட்டும் கலைக்கு தனி. கை ஒடிஞ்சு அழுதுகிட்டு வர்ற ஆள சிரிக்க வச்சுத்தான் படுக்க வைப்பான். அன்னிக்கு, மாசி மாசத்து மத்தியானம், நெஞ்சுப் படம் எடுக்கணும்னு ஒரு பொம்பள உள்ள வந்தப்பவும் ஏதோ சொல்லத்தான் வாயத் தொறந்தான். தலையப் பாத்தான். தொறந்த வாய் அப்படியே நின்னுச்சு.

மொட்டை. சமயபுரத்துல போன வாரம் எறக்குனது, காதுக்குப் பின்னாடி சந்தனம் இன்னும் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தலைய வச்சு அடையாளம் தெரியல, சிரிப்ப வச்சுத்தான் தெரிஞ்சுச்சு. ஓரமா ஒரு பல்லு ஒடஞ்ச சிரிப்பு. தங்கப்பொண்ணு. அரிசி மில்லுல வேலை. ஆடி மாசம் இதே ரூம்ல, இதே ஸ்டாண்டுல மோவாய வச்சுகிட்டு நின்னவ. அன்னிக்கு இடுப்புக்குக் கீழ சடை, கயிறு திரிச்ச மாதிரி. "என்ன தம்பி, அடையாளம் தெரியலயா? ஆத்தாளுக்கு குடுத்துட்டேன். இந்த இருமல் போனா போதும்னு வேண்டிக்கிட்டேன். முடி போச்சு, இருமல் போகல, ஆத்தா கணக்கு ஆத்தாளுக்குத்தான் தெரியும்"ன்னு சொல்லிகிட்டே இருமுனா. கலைக்கு அது காதுல விழல. இல்ல, விழுந்துச்சு, ஆனா காதுக்குள்ள போயி ஒரே ஒரு வார்த்தையாத்தான் நின்னுச்சு. சடை. சடை இல்ல. இந்தத் தடவ சடை இல்ல. கால் தானா நடந்துச்சு, கை தானா பலகைய ஏத்தி எறக்குச்சு, தோள முன்னாடி தள்ளுங்கக்கா, கைய இடுப்புல வைங்க, தாலிய கழட்ட வேணாம், பல்லுல கடிச்சுக்குங்க, சடைய தூக்கி மேல முடிஞ்சு, சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாக்க கடிச்சான். தாலிய பல்லுல வச்சுகிட்டே அவ சிரிச்சா. "எந்தச் சடைய தம்பி?" பழக்கம்க்கா, பழக்கம்னான். ஓடிப்போயி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால நின்னான். மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க, பட்டன்ல வெரல வச்சான், டப்புனு எல்லாம் நின்னுச்சு. கரண்ட்.

ஃபேன் சுத்தி சுத்தி ஓயுற சத்தம். கம்ப்யூட்டருக்குக் கீழ யூபிஎஸ் 'கீய்'ங்குது. "மூச்ச வுட்ருங்கக்கா"ன்னான், அவ இன்னும் புடிச்சுகிட்டே நிக்கிறா, "வுட்ருங்க, வுட்ருங்க, கரண்ட் போயிருச்சு." முன்னாடி மேசையிலேருந்து நூர்ஜஹான் அக்கா கொரல், "கலை, இன்னிக்கு மெயின்டனன்ஸாம், இப்ப வந்துரும்ங்கறான் லைன்மேன், அவன் இப்பங்கறது எப்பன்னு நீயே பாத்துக்க." ஜெனரேட்டர் லைட்டு ஃபேனுக்கு மட்டும்தான், அதையும் இன்னிக்கு யாரும் போடல, இந்த மெசின அது இழுக்காது. ஆக ஒக்காரணும். அவ அந்தப் பக்கம் முக்காலியில, இவன் இந்தப் பக்கம் சுழல் நாக்காலியில, நடுவுல ஈயக் கண்ணாடி. இப்படி ஒக்கார்றது புதுசா என்ன, வாரத்துக்கு ஒருக்கா இங்க ஒக்காந்து கேம் ஆடியிருக்கான், மெட்டு முணுமுணுத்திருக்கான், ஒரு தடவ கால் ஒடிஞ்ச தாசில்தார் ஆபீஸ் பியூனுக்கு கைரேக பாத்து 'உங்களுக்கு கண்டம் கால்ல'ன்னு சொல்லி சிரிப்பு மூட்டியிருக்கான். இன்னிக்கு வாய் வரல. வாய்க்குள்ள எச்சி கசந்துச்சு, மத்தியானம் தின்ன தக்காளி சோறா, இல்ல வேற எதாச்சுமா. அது சடைதான். ஆடி மாசம் பாத்தது சடைதான். இப்ப கரண்ட் வரும், படம் வரும், சுத்தமா இருக்கும், நான் பாட்டுக்கு பயந்தேன்னு சிரிச்சுக்குவேன். இருமல் மில்லுத் தூசியில வந்தது. மில்லுல வேல செய்யுற எல்லாரும் இருமத்தான் செய்றாங்க. மில்லு மொதலாளி கூட இருமுறான், அவன் ஏசி ரூம்ல ஒக்காந்தே இருமுறான்.

முடின்னா படத்துல விழுமான்னு கேப்பீங்க, விழும். எண்ணெ தேச்சு தண்ணியோட பின்னுன தடிச்ச சடை, தோளுக்கு முன்னாடி வந்து விழுந்துச்சுன்னா, நொரையீரலோட உச்சியில பஞ்சு பஞ்சா வெள்ளையா ஒரு நிழல் விழும். டிபி ஆரம்பிக்கிறதும் அதே எடந்தான், அதே வெள்ளதான். அதுலதான் இவனோட மானம் போச்சு. சித்திரையில ஒரு டீச்சர் வந்தா, சுகந்தின்னு பேரு, கல்யாணம் நிச்சயமான பொண்ணு, வெளிநாட்டு மாப்ளைக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வேணும்னு வந்தா. தலைக்கு குளிச்சுட்டு நேரா வந்திருந்தா. கலை எடுத்தான், பாத்தான், வலது உச்சியில வெள்ளை. நெஞ்சு பதறிப்போச்சு அவனுக்கு, அதே நேரம் உள்ளுக்குள்ள ஒரு சின்ன குஷியும்தான், கண்டுபிடிச்சுட்டேன்டாங்குற குஷி, அந்தக் குஷி ரொம்ப மோசமானது, கால் எலும்புல முடி மாதிரி கீறல் விழுந்திருந்தா எலும்பு டாக்டருக்கு முன்னாடி இவன் கண்ணு பாத்துரும், அப்ப வரும் பாருங்க, அது. டிபி சந்தேகம்னு அடிச்சான், திருச்சிக்கு அனுப்புனான், கட்டைவெரல் பொம்மை வந்துச்சு. டீச்சர் வீட்டுல அழுது ஊரக் கூட்டி, மாப்ள வீட்டுக்கு சேதி போயி, அவங்க ஒரு வாரம் போனே எடுக்காம, கடைசியில திருச்சியில பெரிய எடத்துல மறுபடி எடுத்தா, கண்ணாடி மாதிரி சுத்தம். சடைய தூக்கிக் கட்டச் சொல்லி எடுத்தாங்களாம். டீச்சரோட அப்பா அந்த ரெண்டு படத்தையும் தூக்கிகிட்டு சென்டருக்கு வந்து, ரோட்டுல நின்னு சத்தம் போட்டாரு. அன்னிக்குன்னு பாத்து புருஷோத்தமன் டாக்டர் நேர்ல வந்திருந்தாரு. கையெழுத்து அவரோடது, ஆனா ஒரு வார்த்தை அசராம, எல்லாரு முன்னாடியும் இவன் தோள்ல கைய போட்டு, "சார், மன்னிச்சுருங்க, எங்க பையனுக்கு சடைக்கும் சளிக்கும் வித்தியாசம் தெரியல, வயசுப் பையன் பாருங்க, சடையப் பாத்தா பதறிர்றான்"னாரு. ரோடே சிரிச்சுச்சு. டீச்சரோட அப்பாவே சிரிச்சுட்டாரு. கலையும் சிரிச்சான். சிரிக்காம என்ன பண்ணுவான், அவன் வேலையே அதான.

அப்பறம் அவன் பேரு சடையப்பர். லேப்ல ரத்தம் எடுக்குற பொண்ணு சடையப்பரேன்னு கூப்புட்டா, டீ குடுக்க வர்றவன் சடையப்பருக்கு சக்கரை கம்மியான்னு கேட்டான். ஒரு நாள் காலையில வந்து பாத்தா கம்ப்யூட்டர் மேல ஒரு மொழம் மல்லியப்பூ. எல்லாரையும் கிண்டலடிக்கிறவன்கிட்ட ஒரு கொறை, தன்ன அடிச்சா வாங்கத் தெரியாது. வெளிய இளிப்பான், உள்ள போயி இருட்டு ரூம்ல நின்னுக்குவான். சரியாச் சொன்னத எவனாச்சும் வந்து சொன்னானா? வாத்தியார் ஒருத்தரு காலேஜ்ல சொன்னாரு, வெளிநாட்டுல சில எடத்துல எக்ஸ்ரே எடுக்குற டெக்னீசியனே ரிப்போர்ட்டும் எழுதுறான், அதுக்குத் தனியா படிக்க வைக்கிறாங்க, டாக்டர் எழுதுனதுக்குப் பக்கத்துல வச்சு சரிபாத்தா பெரிய வித்தியாசம் இல்லன்னு. அந்த ஒரு கிளாஸ்லதான் கலை தூங்காம இருந்தான். வாத்தியார் அடுத்த வரிய சொன்னது அப்ப மண்டையில ஏறல, இங்க வந்து ஒக்காந்த பின்னாடிதான் ஏறுச்சு, அங்க அவன் எழுதுனத பின்னாலேருந்து ஒருத்தன் பாத்துகிட்டே இருக்கான், எங்க தப்புனான்னு தேடிகிட்டே இருக்கான். இங்க யாரு இருக்கா? படம் கவருக்குள்ள போவும், கவர் துணிக்கடைப் பைக்குள்ள போவும், பை பஸ்ஸேறி போயிரும். சொன்னது சரியா தப்பான்னு எந்த ஊர்லேருந்தும் ஒரு சேதி வராது. சண்டை போட வர்றவன் மட்டுந்தான் திரும்பி வருவான். நூத்துக்கு எத்தன சரின்னு கேட்டா கலைக்குத் தெரியாது. புருஷோத்தமனுக்கும் தெரியாது. கட்டைவெரலுக்குத் தெரியுமா.

கீய். யூபிஎஸ் மறுபடி. அந்தப் பக்கம் அவ இருமுனா, முந்தானைய வாயில வச்சு, உள்ளேருந்து பேத்துகிட்டு வர்ற இருமல், முடிச்சுட்டு முந்தானைய மடிச்சு வேற பக்கம் திருப்பிக்கிட்டா. அது ஏன் அப்படி மடிச்சா. வெயில் ஜன்னல் இடுக்குல ஒரு கோடா விழுந்து மொட்டையில மினுக்குது. "தம்பி, ரொம்ப நேரமாவுமா?" வந்துரும்க்கா. "இல்ல, வீட்டுல தங்கச்சி இருக்கா, பிள்ள பெத்து வந்திருக்கா. அவளுக்கு சிசேரியன் பண்ண வயிறு, எந்திரிக்க முடியல. ராத்திரியெல்லாம் பாப்பா நெஞ்சுலதான். என் நெஞ்சுலதான் படுப்பேங்கறா, தொட்டில்ல போட்டா வீல்ங்கறா. என் நெஞ்சுக்குள்ள கொர்ரு கொர்ருங்குதுல்ல, அந்தச் சத்தம் அவளுக்கு தாலாட்டு மாதிரி போல." சொல்லிட்டு அவளே சிரிச்சா. கலையும் 'ஹே'ன்னு ஒரு சத்தம் போட்டான். எத்தன மாசப் பாப்பாக்கா? "ரெண்டாவது மாசம் நடக்குது." வேற யாருக்காச்சும் வீட்டுல இருமல் இருக்கா? கேட்டுட்டு ஏன்டா கேட்டோம்னு ஆயிருச்சு. "அதெல்லாம் இல்ல தம்பி. அதான் நீங்க அப்பவே படம் எடுத்து ஒண்ணுமில்லன்னு குடுத்துட்டீங்களே. அத காட்டித்தான் மில்லு பக்கத்து டாக்டரு டானிக்கு மாத்தி மாத்தி குடுத்தாரு. தங்கச்சி மாமியா கேட்டுச்சு, இருமுறவகிட்ட பச்சப்பிள்ளைய குடுக்கலாமான்னு. நான் அந்த ரிப்போர்ட்ட எடுத்து நீட்டிட்டேன். படிங்க, பெரிய டாக்டரு கையெழுத்து போட்டிருக்காருன்னு. வாய மூடிகிச்சு."

பெரிய டாக்டரு. கலை நாக்காலிய ஒரு சுத்து சுத்துனான். சர்ட்டிபிகேட் வந்துச்சு, கதவு வந்துச்சு, கண்ணாடி வந்துச்சு, கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில தொங்குற பிளாஸ்டிக் டப்பா வந்துச்சு. டப்பாவ பாத்ததும் கால ஊணி நாக்காலிய நிறுத்துனான், நிறுத்துனதும் வேற பக்கம் பாத்தான். விசயம் வெளிய ஒடஞ்சு போனா வேற சென்டருக்குப் போயிரலாம். முசிறியில ஆள் கேட்டுகிட்டுதான் இருக்காங்க. இல்லன்னா சித்தப்பா மாதிரி செல்போன் கடை வைக்கலாம், செல்போனுக்கு டிபி வராது. எவனுக்குத் தெரியப் போவுது. ஆடி மாசத்து முகமும் மாசி மாசத்து முகமும் ஒண்ணான்னு எவன் பாக்கப் போறான். ஆனா அது சடைதான. சடையா இருந்தா அவ்ளோதான், அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல. அன்னிக்கு அவ எப்படி நின்னா? இப்படி மோவாய வச்சு, முதுகு இந்தப் பக்கம். சடை எங்க இருந்துச்சு? முதுகுல. இல்ல, முன்னாடி போட்டிருந்தா. முன்னாடிதான், வலது தோள் பக்கமா, அதனாலதான் நிழல் வலது பக்கம். ஆமா. அன்னிக்கு வெளிய மழை பெஞ்சு நனைஞ்சு வந்திருந்தா, ஈரச் சடை, ஈரம்னா இன்னும் வெள்ளையா விழும். ஆடியில துறையூர்ல எங்கடா மழை. காத்துதான் அடிச்சுச்சு. சரி காத்து. காத்துல சடை முன்னாடி வந்திருக்கும். ரூம்குள்ள ஏது காத்து.

அவன் மனசு இப்படித்தான் கரண்ட் இல்லாத நேரம் பூரா அந்தச் சடைய தூக்கித் தூக்கி அவ வலது தோள்ல போட்டுப் பாத்துச்சு. போட்டா நிக்க மாட்டேங்குது. வழுக்கி வழுக்கி முதுகுப் பக்கமா மேல ஏறிக்குது. மேல ஏறி ஒரு கொண்டையா நிக்குது. கொண்டைய அவன் மறுபடி அவுக்குறான், தொங்க வுடுறான், மறுபடி அது மேல ஏறுது. பச்சை கலர்ல எதோ ஒண்ணு அத கவ்விப் புடிச்சிருக்கு. பச்சைய அவன் பாக்க மாட்டேங்குறான். ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் தெரியாத பரிட்சைக்கு விடை தேடுற மாதிரி அடுத்தவன் பேப்பர எட்டி எட்டிப் பாக்குற புத்தி, இதுல அடுத்தவனும் நானேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு, சிரிப்பு வரல. கம்ப்யூட்டர் இருக்கு. யூபிஎஸ்ல ஓடிகிட்டுதான் இருக்கு. மெசினுக்குத்தான் கரண்ட் இல்ல, பழைய படத்தப் பாக்க கரண்ட் என்னத்துக்கு. தங்கப்பொண்ணுன்னு அடிச்சா வந்துரும். சடைன்னா கழுத்துலேருந்து எறங்கி வரணும், காலர் எலும்புக்கு மேல தோளுத் தசையிலயும் வெள்ளக் கோடா தெரியணும், நொரையீரலுக்குள்ள மட்டும் நிக்காது. டீச்சர் விசயத்துக்கு அப்பறம் சோத்த தின்னுகிட்டே போன்ல வீடியோ பாத்து பாத்து இத அவன் கத்துக்கிட்டான். வெறித்தனமா கத்துக்கிட்டான். இனிமே எவன் சடையப்பர்னு சொல்றான்னு பாக்குறேன்னு கத்துக்கிட்டான். அப்ப ஆடி மாசம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுச்சா? வேணாம். கரண்ட் வரட்டும். புதுப் படம் சுத்தமா இருந்தா பழசப் பாக்கவே வேணாம்ல.

"தம்பி, தண்ணி இருக்குமா?" எந்திரிச்சுப் போயி தன் பாட்டில குடுத்தான். குடுக்கும்போதே, வாய் வச்சு குடிப்பாளான்னு ஒரு நெனப்பு, குடிச்சா அந்த பாட்டில என்ன பண்றதுன்னு அடுத்த நெனப்பு, அந்த நெனப்பு வந்த வேகத்துல அவனுக்கே மூஞ்சி சுட்டுச்சு. சடைன்னா பாட்டிலுக்கு ஏன்டா பயப்படுற? அவ தூக்கித்தான் குடிச்சா. பாட்டில திருப்பிக் குடுத்துகிட்டே ஆணியில தொங்குற டப்பாவப் பாத்தா. "அட, அந்த கிளிப்பு டப்பா இன்னும் இருக்கா? அன்னிக்கு எனக்கு ஒண்ணு குடுத்தீங்களே, பச்சையில. போறப்ப மறந்து மாட்டிகிட்டே போயிட்டேன். வீட்டுல போயித்தான் பாத்தேன். திருப்பிக் குடுக்கணும் குடுக்கணும்னு இருந்தேன், மொட்டை அடிக்கிற எடத்துல எங்கயோ போயிருச்சு."

பரவால்லக்கான்னான். கொரல் அவனுக்கே வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. கிளிப்பு டப்பா. டீச்சரோட அப்பா போன மறுநா டாக்டர் வாங்கிப் போடச் சொன்ன டப்பா, பட்டாம்பூச்சி மாதிரி வாயப் பொளக்குற கிளிப்பு ஒரு கூடை, உள்ள வர்ற ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒண்ண கையில குடுத்து, சடைய சுருட்டி மேல மாட்டுங்கக்கான்னு சொல்லிட்டுத்தான் நிக்க வைக்கணும். திருச்சி ஜில்லாவுலயே சடை விழுந்துச்சுன்னு எழுத முடியாத ஒரே எக்ஸ்ரே ரூம் இதுதான். இத நெனைக்கக் கூடாதுன்னுதான இவ்ளோ நேரம் அந்தப் பக்கமே திரும்பாம இருந்தான். போயி ஒக்காந்தான். அடிச்சான். தங்கப்பொண்ணு. படம் தொறந்துச்சு. வலது உச்சி, காலர் எலும்புக்குக் கீழ, பஞ்சு. கழுத்துல சடைக் கோடு இல்ல. தோளுல ஒண்ணுமில்ல. படத்தோட மேல் ஓரத்துல, கழுத்தெலும்புக்கு நடுவுல, துளியூண்டு வெள்ளையா ஒரு சுருள். கிளிப்போட ஸ்பிரிங். பிளாஸ்டிக் விழாது, கம்பி விழும். சடை பூரா அங்க மேல அதோட வாய்க்குள்ள இருந்துச்சு.

அந்த சுருள அவன் அன்னிக்கும் பாத்தான். இப்ப பொய்யா மறக்க முடியல. பாத்தான், வெரல வச்சு திரையில தொட்டுக் கூட பாத்தான். டிபி சந்தேகம்னு பாதி அடிச்சான். அடிக்கும்போதே திருச்சியிலேருந்து வரப்போற பதிலு கேட்டுருச்சு, 'என்ன சடையப்பா, மறுபடியுமா?' கேக்கல, ஆனா கேட்டுச்சு. அடிச்சத அழிச்சான். அவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நான் சிரிச்சுட்டா? தலைமுடியினால விழுந்த நிழல், மத்தபடி நார்மல்னு அடிச்சு, கூடவே டாக்டருக்கு ஒரு வரி, 'சார், இந்தத் தடவ ஏமாற மாட்டேன்.' படத்த அவரு தொறந்து பாத்தாரா தெரியாது. பதில் ஒடனே வந்துச்சு. சிரிக்கிற மூஞ்சி பொம்மை ஒண்ணு. கீழ, 'குட். கத்துக்கிட்ட.' அந்த ஒரு வார்த்தைய வச்சுகிட்டு ஒரு வாரம் காலர தூக்கி விட்டு திரிஞ்சான். டீக்காரன் சடையப்பரேன்னப்ப, இப்ப கேட்டுப் பாரு டாக்டர்கிட்டன்னான். இவ அந்த ஒரு வாரம் என்ன பண்ணியிருப்பா. டானிக்கு குடிச்சிருப்பா. மில்லுக்குப் போயிருப்பா. நிக்கலன்னதும் ஆத்தாளத் தேடி போயிருப்பா. மொட்டை போட்டது இருமலுக்கில்ல, என் ஒரு வரிக்கு. டீச்சருக்கு தப்பா சொன்னேன், ஊரே சிரிச்சுச்சு. இவளுக்கு தப்பா சொன்னேன், குட்ன்னாங்க.

ஃபேன் லேசா நடுங்குச்சு. சுத்த ஆரம்பிச்சுச்சு. "வந்துருச்சு"ன்னு நூர்ஜஹான் அக்கா கொரல். தங்கப்பொண்ணு சொல்லாமயே எந்திரிச்சுப் போயி ஸ்டாண்டுல மோவாய வச்சா, தாலிய கடிச்சுகிட்டா, கைய இடுப்புல வச்சா, எல்லாம் ஞாபகம் வச்சிருக்கா. பின்னந்தலை வழுவழுன்னு இவனப் பாத்துகிட்டு நின்னுச்சு. மூச்ச இழுங்கக்கா. புடிங்க. பட்டன். வுட்ருங்க. திரையில மேலேருந்து கீழ படம் எறங்கி வந்துச்சு, மோவாய் இல்ல, முடி இல்ல, கிளிப்பு இல்ல, வலது உச்சி. வெள்ளை இப்ப பஞ்சு இல்ல, கெட்டியா, நடுவுல காசு அளவுக்கு கருப்பா ஒரு ஓட்ட. இடது பக்கமும் தூவுன மாதிரி. கலை நாக்காலியில ஒக்காரல. நின்னுகிட்டே படத்த திருச்சிக்கு அனுப்புனான், ரிப்போர்ட் அடிக்காம, வெறும் படம். அது எப்பவும் இல்லாத வழக்கம். போன் வந்துச்சு.

"என்ன கலை, வெறும் படத்த அனுப்பிருக்க, மேட்டர் எங்க?" பின்னால ஏதோ ஆஸ்பத்திரி சத்தம், அவரு நடந்துகிட்டே பேசுறாரு. "ஒரு நிமிசம் இரு, பாக்குறேன். வலது மேல... என்னடா இது, மறுபடி சடையா?"

"மொட்டை சார்."

நடக்குற சத்தம் நின்னுச்சு. ஸ்டாண்டுக்குப் பக்கத்துல தங்கப்பொண்ணு தாலிய உள்ள தள்ளிட்டு முந்தானைய சரி பண்ணிகிட்டு, தொறந்திருந்த கதவு வழியா, "முடிஞ்சுச்சா தம்பி, எப்படி இருக்கு?"ன்னா. கண்ணுல ஒரு பயமும் இல்ல. ஒண்ணுமில்லன்னு ஒரு தடவ சொன்ன எடம், மறுபடியும் அதத்தான் சொல்லும்னு வந்து நிக்கிறா.

"ஓட்ட விழுந்திருக்கேடா"ன்னாரு டாக்டர், கொரல எறக்கி. "ஒடனே சளி டெஸ்ட்டுக்கு ஜிஹெச்சுக்கு அனுப்பு. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா அதுங்களையும் பாக்கச் சொல்லு. முன்னாடி எங்கயாச்சும் எடுத்திருக்காங்களா?" இவன் பதில் சொல்றதுக்குள்ள அவரே தொடர்ந்தாரு, கொஞ்சம் மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா. "நம்மகிட்ட பழசு எதுவும் இருக்காது, இல்ல? அவ்ளோ நாள் எல்லாம் நம்ம வச்சுக்கறதில்லயே."

கேள்வி மாதிரி இல்ல அது. கதவ தொறந்து விட்ட மாதிரி இருந்துச்சு. திரையில ரெண்டு படமும் பக்கம் பக்கமா இருக்கு, பழசு மேல அம்புக்குறி தானா போயி நிக்குது, ரெண்டு தட்டு தட்டுனா போயிரும், டாக்டருக்கும் நிம்மதி, இவனுக்கும் நிம்மதி, அவளுக்கு எப்படியும் மாத்திரை குடுத்துருவாங்க. அவகிட்ட இருக்குற காயிதத்துல தலைமுடின்னு இருக்கும், இப்ப தலைமுடி இல்ல, எவன் கேப்பான். அவ கதவுகிட்ட வந்து நின்னா. இருமல் வந்துச்சு, முந்தானைய வாயில வச்சுகிட்டா, முடிச்சுட்டு மடிச்சுகிட்டா. கலை கதவ சாத்தல. போனையும் வெக்கல. அவளப் பாத்துகிட்டே பேசுனான்.

"இருக்கு சார். நம்மகிட்ட எடுத்ததுதான். அன்னிக்கும் அத நீங்க பாக்கல, நான்தான் பாத்தேன். கிளிப்ப என் கையால குடுத்தேன், சடை மேலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் சடைன்னு எழுதுனேன்."